ஆற்றல் என்றால் என்ன? அதற்கு ஏன் இத்தனை வடிவங்கள்?

வேலை செய்யும் திறன்தான் ஆற்றல். ஒரு கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 9.8 ஜூல் வேண்டும் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). இயக்க ஆற்றல், வெப்பம், மின்னாற்றல், வேதி ஆற்றல் என்று பாடப் புத்தகம் பிரித்துச் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான், அது இருக்கும் விதம்தான் வேறு. ஒரே குடும்பத்தின் பணம் கொஞ்சம் கையில், கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் நகையாக இருப்பதில்லையா, அது மாதிரி.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள நெய்வேலியே போதும். அங்கே வெட்டும் பழுப்பு நிலக்கரியில் இருப்பது வேதி ஆற்றல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரஞ்செடிகள் வாங்கி வைத்த வெயில் அது! கொதிகலனில் எரித்தால் வெப்பமாகிறது. தண்ணீர் நீராவியாகி டர்பைன் என்னும் இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றும்போது இயக்க ஆற்றல். டர்பைனோடு சேர்ந்து சுற்றும் ஜெனரேட்டரில் அது மின்சாரமாகிறது. சரி, நிலக்கரியில் இருந்தது முழுவதும் கரண்டாக வருகிறதா? இல்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்கள் வழியாக வெப்பமாகவே போய்விடுகிறது. அவற்றின் உச்சியில் வெள்ளையாகக் கிளம்புவது புகை அல்ல, பொடிப்பொடியான நீர்த்துளிகள்.

அப்புறம், ஃபேன் ஓடினால் மின்னாற்றல் அழிந்துபோகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காற்றின் வேகமாகி, கடைசியில் அறையை இம்மியளவு சூடாக்குகிறது, நமக்குக் குளுகுளுவென்று இருப்பது வியர்வை ஆவியாவதால்தான்.