காய்கறி விதைக்கு நுண்ணுயிர் நேர்த்தி: கேள்வி பதில்

கத்தரி விதையில் உயிர் மருந்தை எப்படிக் கலப்பது? (ஒட்டன்சத்திரம்)

ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் 4 கிராம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா என்றால் 10 கிராம். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு சிட்டிகை போதும். ஆறிய அரிசிக் கஞ்சியைப் பட்டும் படாமலும் தெளித்து, பொடியைத் தூவி, விரலால் புரட்டுங்கள். கஞ்சி கூடினால் கத்தரி விதை கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு விதையிலும் சாம்பல் பூத்ததுபோல் மெல்லிய படலம் தெரிய வேண்டும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். கடை வாசலில் வெயில் காய்ந்த பாக்கெட் வேண்டவே வேண்டாம்.

மிளகாய் விதைத்து நான்கு நாள். முளைக்கவில்லை. எந்த நுண்ணுயிர் ஊற்றலாம்? (சாத்தூர்)

ஒன்றும் ஊற்றாதீர்கள். மிளகாய் முளைக்க 8 முதல் 12 நாள் ஆகும்.

பழைய வெண்டை விதையை அசோஸ்பைரில்லத்தில் ஊறவைத்தால் முளைக்குமா? (திருச்சி)

உயிர் போன விதையை எந்தப் பாக்டீரியாவும் எழுப்பாது. அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி வேரைக் கிளைக்க வைக்கும். அதன் பெரும் பங்கு முளைத்த பிறகுதான். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். பாதிகூட முளைக்காவிட்டால் புது விதை வாங்குங்கள்.

வீரிய ஒட்டு விதையில் சிவப்புச் சாயம் இருக்கிறது. கழுவிவிட்டு டிரைக்கோடெர்மா பூசலாமா? (தலைவாசல்)

கழுவாதீர்கள். சாயத்தோடு இருப்பது பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தானே, அதையும் கொன்றுவிடும்! நாற்று வளர்க்கும் குழித்தட்டுக்கான தென்னைநார்க் கழிவில் டிரைக்கோடெர்மாவைக் கலந்துவிடுங்கள்.

பீஜாமிர்தம் இருக்கும்போது பாக்கெட் எதற்கு? சாணத்தில் இல்லாத நுண்ணுயிரா? (காங்கேயம்)

சாணத்தில் நோய்க்கிருமியும் உண்டு. அதை ஏன் சொல்ல மறுக்கிறீர்கள்? (கோவை)

இருவரும் ஒரே பாத்திரத்தைத்தான் பார்க்கிறீர்கள். சாணம், கோமியம், சுண்ணாம்பு, ஒரு பிடி மண் சேர்ந்த பீஜாமிர்தக் கரைசலில் நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். ஒவ்வொரு முறையும் கலவை மாறும். மண் பாத்தியில் ஏற்கெனவே ஆயிரம் உயிர் இருப்பதால் அது பெரிதாகத் தெரியாது. காங்கேயத்துக்காரர் தாராளமாகத் தொடரலாம். குழித்தட்டுக் கதை வேறு. அங்கே பித்தியம் என்ற நாற்றழுகல் கிருமி நுழைந்தால், தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர்கோத்து நூலாக மெலிந்து, நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். டிரைக்கோடெர்மா அந்தக் கிருமியின் இழையைச் சுற்றிப் பின்னி, நொதியால் அதன் சுவரைக் கரைக்கிறது. சூடோமோனாஸ் சுற்றியுள்ள இரும்புச்சத்தைக் கைப்பற்றி அதைப் பட்டினி போடுகிறது. தட்டுக்கு, என்ன இருக்கிறதென்று தெரிந்த பாக்கெட் நுண்ணுயிரை அனுப்புவதே என் கட்சி. இரண்டு தரப்பும் தண்ணீரைக் குறைத்தால் பாதிச் சண்டை தீரும்!

தக்காளி முளைக்கவில்லை. என்ன நுண்ணுயிர்? (ஓசூர்)

மேலே சாத்தூருக்கும் திருச்சிக்கும் சொன்னதைப் படியுங்கள். பாக்கெட் தேதியைப் பார்த்தீர்களா?

கார்பன்டசிம் பூஞ்சாணக்கொல்லி ஊற்றிய மறுநாள் டிரைக்கோடெர்மா விடலாமா? (தேனி)

காசைக் கரைக்காதீர்கள். கார்பன்டசிம் அதைத்தான் முதலில் கொல்லும்.

ரோஜாவில் இலைப்புள்ளி வருகிறது. (சென்னை)

மலர்ப் பயிர் தெரிந்தவரைக் கேளுங்கள்.

நாற்று நடும்போது மறுபடியும் நேர்த்தி தேவையா? (ஒட்டன்சத்திரம்)

தேவை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்து, வேர்களை அரை மணி நேரம் நனைத்து நடுங்கள். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாளே பிடித்துத் திறந்து வையுங்கள். தேதியும் பாருங்கள்.