ஃபோர்ட் கொச்சியில் வீடு: கேள்வி பதில்

(ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பழைய வீடுகளில் பழுதுபார்க்கும் வேலை செய்யும் அண்ணாச்சி பதில் சொல்கிறார்.)

கொழிஞ்சாம்பாறை வாசகர்: அண்ணாச்சி, பிரின்சஸ் தெருப் பக்கம் பழைய வீடு ஒன்று வாடகைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். ஜனவரியில் எல்லா வீடும் அழகுதான். ஜூன், ஜூலையில் மழை கொட்டும்போது போய்ப் பாருங்கள், அதற்கு முன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரைக் கவனியுங்கள். வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, கட்டைவிரலால் அழுத்தினால் சிவப்புப் பொடி உதிர்ந்தால், உள்ளே செம்புரைக்கல் கரைந்துகொண்டிருக்கிறது. அப்புறம் மச்சுக்கு ஏறி, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். கரையான் அங்கேதான் தொடங்கும்.

கோவை வாசகி: விலை என்ன ஆகும்?

பதில்: அது என் வேலை இல்லை அம்மா. சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

எர்ணாகுளம் பொறியாளர்: சுவர் உதிர்ந்தால் சிமென்ட் பூசி வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு பயமுறுத்தல்?

பதில்: சார், அதைச் செய்துதான் இங்கே பாதி வீடுகள் கெட்டன. செம்புரைக்கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று உப்பைக் கல்லுக்குள் படிய வைக்கும். கடைசியில் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது கல்லின் முகமும் கூடவே வரும்.

அதே பொறியாளர்: எங்கள் வீட்டில் பத்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே.

பதில்: எர்ணாகுளம் கடவந்திராவில் உள்ள உங்கள் கான்கிரீட் வீட்டை இதோடு சேர்க்காதீர்கள். 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் கட்டிய சுவர்களும், அதற்குப் பின் ஆங்கிலேயர் கட்டியவையும் இத்தனை மழைக்காலம் நின்றது சுண்ணாம்பால். நீற்றிப் பல வாரம் ஊறப்போட்டு, மெல்லிசாகப் பல தடவை பூச வேண்டும். செலவும் நாளும் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சிமென்ட் வேண்டாம்.

சித்தூர் வாசகர்: வீட்டை இடித்து மாடி எழுப்பலாமா?

பதில்: இது பாரம்பரியப் பகுதி, கடலோர ஒழுங்குமுறை விதியும் உண்டு. மாநகராட்சியில் எழுத்தில் அனுமதி வாங்காமல் கூரையிலிருந்து ஒரு ஓடுகூட எடுக்காதீர்கள்.

திருவனந்தபுரம் வாசகி: தினமும் எர்ணாகுளம் போய்வர முடியுமா?

பதில்: தாராளமாக. 2024-லிருந்து எர்ணாகுளம் ஹைகோர்ட் பக்கம் வாட்டர் மெட்ரோ படகு போகிறது. வண்டியோடு என்றால் ரோ-ரோவில் (வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு) எதிரே உள்ள வைப்பின் தீவுக்குப் போய், கோஸ்ரீ பாலங்கள் வழியே போகலாம். டிசம்பர் 31 அன்று மட்டும் வெளியே கிளம்பாதீர்கள், பாப்பாஞ்ஞி என்ற புத்தாண்டு இரவுப் பொம்மையை எரிக்கிற கூட்டத்தில் தெருவே தெரியாது.

பாலக்காடு வாசகர்: தமிழ் ஆட்கள் இருக்கிறார்களா?

பதில்: ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் உள்ள தோபி கானாவுக்கு (சலவைக்கூடம்) போங்கள். டச்சுக்காரர் காலத்தில் ராணுவத் துணி துவைக்க வந்தவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே துவைத்துக் கயிற்றில் காயப்போடுகிறார்கள், வீட்டில் தமிழ்தான். நம் வீட்டுத் துணியும் அங்கேதான்.

கோட்டயம் வாசகர்: சுவர் ஈரத்துக்குச் சிமென்ட் பூசலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

திருச்சூர் வாசகி: கடல் பார்த்த வீடு நல்லதா?

பதில்: காற்று நல்லது, இரும்புக்கு ஆகாது. ஜன்னல் கம்பி, கீல், பூட்டு எல்லாம் துருப்பிடிக்கும். பித்தளைக் கீல் கேளுங்கள். வாங்கும் முன் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின்போது (கடல் நீர் ஏறும்போது) தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். மழையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.