எக்ஸ்கோடு புராஜெக்ட் கோப்பில் உள்ள பதிவுகளை ஸ்கிரிப்ட் மூலம் வரிசைப்படுத்தினால் மெர்ஜ் மோதல்கள் குறையுமா?

ஆளுக்கொரு கிளையில் வேலை செய்கிறோம், இணைக்கும்போதெல்லாம் எக்ஸ்கோடு (ஆப்பிள் செயலிகளை உருவாக்கும் கருவி) தானே எழுதும் புராஜெக்ட் கோப்பில்தான் மோதல் வருகிறது, பதிவுகளை அகரவரிசையில் அடுக்கினால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தீரும். ஸ்கிரிப்ட் எழுதுவது சின்ன வேலை. அந்தக் கோப்பில் எந்தப் பட்டியலில் கைவைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் நேரம் பிடிக்கும்.

முதலில் மோதல் ஏன் வருகிறது என்று பாருங்கள். பிபிஎக்ஸ்புரோஜ் என்ற அந்த புராஜெக்ட் கோப்பு, மேக் இயக்குதளத்தின் முன்னோடியான நெக்ஸ்ட்ஸ்டெப் காலத்துப் பழைய வடிவத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் 24 இலக்கப் பதினறும எண் அடையாளமாக இருக்கும்; பக்கத்தில் கோப்பின் பெயர் வெறும் கருத்துரையாக நிற்கும். பெரிய பகுதிகளை எக்ஸ்கோடே அந்த எண்ணின் வரிசையில் எழுதிவிடுகிறது. தொல்லை உள்பட்டியல்களில்: ஒரு குழுவின் ‘சில்ட்ரன்’ பட்டியலும் தொகுப்புக் கட்டத்தின் (நிரலை உருவாக்கும் படிகளில் ஒன்று) ‘ஃபைல்ஸ்’ பட்டியலும் நாம் சேர்த்த வரிசையிலேயே கிடக்கின்றன. இருவர் தத்தம் கிளையில் புதுக் கோப்பைச் சேர்த்தால் இரண்டும் பெரும்பாலும் வால்பக்கத்தில் போய் ஒரே இடத்தில் உட்காரும். எது முன், எது பின் என்று கிளைகளை இணைக்கும் கருவியான கிட்டுக்கு எப்படித் தெரியும்? பெயர்வரிசையில் இருந்தால் இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு இடத்தில் விழும், மோதலும் குறையும்.

இதற்கு, சஃபாரி உலாவியின் உள்ளியந்திரமான வெப்கிட் திட்டத்தின் களஞ்சியத்தில் ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் பல ஆண்டுகளாக இருக்கிறது. பலரும் அதையே எடுத்துத் திருத்திக்கொள்கிறார்கள். அது பெயரில் நீட்சி (புள்ளிக்குப் பின் வரும் பகுதி) இல்லாததை அடைவு என்று எடுத்துக்கொண்டு முன்னால் வைக்கும். நீட்சியே இல்லாத கோப்புகளும் உண்டல்லவா? அவற்றின் பெயர்களை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அழகான தீர்வு இல்லைதான், ஆனால் எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

சொந்தமாக எழுதுவதானால் பைதான் போதும். வரிவரியாகப் படியுங்கள். ‘சில்ட்ரன்’ அல்லது ‘ஃபைல்ஸ்’ என்று தொடங்கி அடைப்புக்குறி திறக்கும் வரி வந்தால், அடைப்பு மூடும் வரை சேர்த்துவைத்து, கருத்துரையில் உள்ள பெயரைத் திறவுகோலாகக் கொண்டு அடுக்கி எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் வரும். அப்போது பதினறும எண்ணை இரண்டாம் திறவுகோலாக வையுங்கள், இல்லாவிட்டால் அவை பழைய வரிசையிலேயே தங்கி கிளைக்குக் கிளை மாறும். ஷெல்லின் சார்ட் கட்டளையை நம்புவதானால் லோகேலை (எழுத்து வரிசையைத் தீர்மானிக்கும் மொழி அமைப்பு) ‘சி’ என்று கட்டாயமாக அமையுங்கள். உங்கள் மேக்கிலும் சோதனை நடக்கும் லினக்ஸ் கணினியிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, அடிக்கோடு எல்லாம் வேறுவேறு வரிசையில் வரலாம்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் அடுக்கிவிடலாம் என்று பொதுவான ஒரு ரெகெக்ஸ் (உரையில் வடிவத்தைத் தேடும் கோவை) எழுதுவார்கள். அது வேண்டாம். தலைப்புக் கோப்புகளைத் தேடும் பாதைகளும் அதே வடிவத்தில்தான் இருக்கின்றன. ஒரே பெயருள்ள தலைப்புக் கோப்பு இரண்டு அடைவுகளில் இருந்தால், வரிசை மாறியதும் தொகுப்பி வேறொன்றை எடுத்துக்கொள்ளும். தொகுப்புக் கட்டங்களின் பட்டியலும் அப்படியே: குறிமுறை உருவாக்கும் கட்டம் தொகுக்கும் கட்டத்துக்கு முன்னால் இருந்தாக வேண்டும். நிரல்பகுதிகளை இணைக்கும் ஃபிரேம்வொர்க் கட்டத்தையும் விட்டுவிடுங்கள்.

இன்னும் நுணுக்கமானது மூலக்கோப்புகளின் பட்டியல். பாதுகாப்பானது போலத் தெரியும். ஆனால் தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாக்கும் இணைப்பிக்கு அந்த வரிசையிலேயே கோப்புகள் போகின்றன. ஒரே வகுப்புக்கு இரண்டு ஆப்ஜெக்டிவ்-சி கேட்டகரிகள் (இருக்கும் வகுப்புக்கு வெளியிலிருந்து மெத்தட் சேர்ப்பவை) ஒரே பெயரில் மெத்தட் எழுதியிருந்தால் எது வெல்லும் என்பது இதைப் பொறுத்தே மாறும். சி++ உலகளாவிய மாறிகள் எந்தக் கோப்பில் முதலில் துவக்கப்படுகின்றன என்பதும் நடைமுறையில் இதைச் சார்ந்தது. அடுக்கிய பிறகு நிரல் உடைந்தால் பழி ஸ்கிரிப்டின் மீது விழும்; பிழை அதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும்.

முதல் அடுக்கலை வேறு எந்த மாற்றமும் கலக்காத தனிக் கமிட்டாக (கிட்டில் ஒருமுறை பதியும் மாற்றம்) வையுங்கள். ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினால் ஒரு வரிகூட மாறக் கூடாது. சோதனைச் சேவையகத்தில் இதையே ஒரு நிபந்தனையாக வைக்கலாம். திறந்திருக்கும் கிளைகளில், பொதுக் கிளையை அடுக்கலுக்கு முந்தைய கமிட் வரை முதலில் இணைத்து, அங்கேயே ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, அதன்பின் மீதியை இணையுங்கள். கிட்டின் யூனியன் மெர்ஜைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது இரு பக்க வரிகளையும் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளும், ஒரு நாள் அடைப்புக்குறி பொருந்தாமல் புராஜெக்டே திறக்காது.

எல்லோரும் எக்ஸ்கோடு 16க்கு மாறிவிட்டீர்கள் என்றால் முதலில் அடைவுகளை அதில் வந்த புதிய வகைக்கு மாற்றிப் பாருங்கள். அந்த வகையில் அடைவுக்குள் இருக்கும் கோப்புகள் புராஜெக்ட் கோப்பில் தனித்தனியே பதிவாவதில்லை. மாற்ற முடியாமல் மிஞ்சும் குழுக்களுக்கு மட்டும் ஸ்கிரிப்ட் போதும்.