வாங்கிய வேகம் வீட்டுக்குள் எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டு இணைய இணைப்பு பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: பணம் கட்டிய அளவுக்கு வேகம் இல்லை. பலருக்கும் பொதுவான ஐந்து கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) திட்டத்தில் இருக்கிறோம். கூடத்தில் மோடத்தின் அருகே உட்கார்ந்தால் நன்றாக வருகிறது. மாடி அறையில் மகள் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது படம் அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் சேவை மையத்தில் கேட்டால் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?
– ஒரு வாசகர், மதுரை

மாறாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். நிறுவனம் உங்களுக்கு விற்றிருப்பது மோடம் வரை வந்து சேரும் வேகம். அங்கிருந்து கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் போகிற வழி உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அந்த வழியில் சுவரும் தளமும் இரும்பு பீரோவும் தின்றுவிடுகிற வேகத்தை எவ்வளவு பெரிய திட்டம் வாங்கினாலும் ஈடுகட்ட முடியாது.

அளப்பதற்கு ஒரு மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் நேரடியாக மோடத்தில் செருகி, வீட்டில் மற்ற எல்லாக் கருவிகளின் வைஃபையையும் அணைத்துவிட்டு, ஊக்லா போன்ற ஏதாவது ஒரு ஸ்பீடு டெஸ்ட் தளத்தில் சோதியுங்கள். காலையில் ஒரு முறையும், ஊரே இணையத்தில் இருக்கும் இரவு 9 மணி வாக்கில் ஒரு முறையும் செய்வது நல்லது. இரண்டு முறையும் 90க்கு மேல் காட்டினால் நிறுவனம் சொன்னதைத் தந்துவிட்டது என்று பொருள். 200க்கு மாறினாலும் மாடி அறையில் இதே தொல்லைதான் தொடரும். கேபிளிலேயே 40, 50 என்று காட்டினால் குறை அவர்கள் பக்கம் இருக்கிறது. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். 200, 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வைஃபையைப் பகிர்ந்தளிக்கும் பழைய ரூட்டர்கள் பலவற்றில் லேன் துளைகள் 100 எம்பிபிஎஸ் அளவுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றில் எப்படிச் சோதித்தாலும் 95ஐத் தாண்டாது.

கோப்பு இறக்கும்போது விநாடிக்கு 12 எம்பி மட்டுமே காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது ஏமாற்று இல்லை. நிறுவனங்கள் வேகத்தை பிட் கணக்கில் சொல்கின்றன. கணினி கோப்பின் அளவை பைட் கணக்கில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட் ஆகிறது.

இனி மாடி அறைக்கு வருவோம். இப்போது வரும் மோடங்கள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தையோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையோ ஊடுருவுவதில் பலவீனமானது. 2.4 சற்றுத் தொலைவு வரை போகும். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான் நெரிசலை உண்டாக்குகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் கைபேசியைத் திறந்தால் பத்துப் பதினைந்து வைஃபை பெயர்கள் வரிசையாக வருமே, அத்தனையும் 2.4இல் ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 என்ற மூன்றே சேனல்களுக்குள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) இடம் தேடுகின்றன.

ஆகவே செலவில்லாத வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். இணைப்பு கொடுக்க வருபவர் ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறதோ அந்த மூலையிலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார். நாமும் பார்வைக்கு நன்றாக இருக்காது என்று அதைத் தொலைக்காட்சி அலமாரிக்குள்ளோ பீரோவுக்குப் பின்னாலோ ஒளித்துவிடுவோம். வீட்டின் நடுவில், மாடிப்படியை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேலே திறந்தவெளியில் மோடம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஃபைபரை நீட்டிக்கொள்ள அவர்களிடமே கேட்கலாம். நீங்களாக இழுத்து மடக்கக் கூடாது, உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

அதுவும் போதாவிட்டால் மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது ரூட்டர் ஒன்றை, கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் வையுங்கள். நூறு மீட்டர் வரை வேகம் குறையாது; மகளின் வகுப்பும் தடையில்லாமல் நடக்கும். சுவர்ச் செருகியில் மாட்டும் மலிவான ரிப்பீட்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. வரும் அலையை வாங்கி அதே அலைவரிசையில் திரும்ப அனுப்புவதால் அவற்றில் பல, கிடைக்கிற வேகத்தைப் பாதியாக்கிவிடுகின்றன. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மின்சாரக் குழாய் பதிக்கும்போதே ஒவ்வொரு தளத்துக்கும் லேன் கேபிளுக்கென்று தனியாக ஒரு குழாய் பதிக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலை முடிந்தபிறகு இதற்காகச் சுவரை வெட்டுவது பெரிய வேதனை.

கேள்வி: எங்கள் திட்டத்தில் மாதம் 1000 ஜிபி. 'அன்லிமிடெட்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சென்ற இரண்டு மாதமாக 20ஆம் தேதிக்கு மேல் ஒன்றுமே திறக்கவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான். அண்மையில் புதிய தொலைக்காட்சியும் வாசலுக்கும் கொல்லைக்கும் இரண்டு கேமராக்களும் வாங்கினோம். யாராவது எங்கள் இணைப்பைத் திருடுகிறார்களா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

திருட்டைச் சந்தேகிக்கும் முன் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடை உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருப்பதாகத் தோன்றுகிறது. 'அன்லிமிடெட்' என்பதற்கு நிறுவனங்களின் அகராதியில் இணைப்பு நின்றுபோகாது என்பதே பொருள். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். எவ்வளவுக்குக் குறைப்பார்கள் என்பதும் திட்ட விவரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். இதைப் படிக்காமல் திட்டம் வாங்கக் கூடாது.

புதிய தொலைக்காட்சி மிகத் துல்லியமான படம் தரும் 4கே வகையாக இருந்தால், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் சொல்லும் அளவின்படியே அந்தத் தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க 7 ஜிபி வரை செலவாகும். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 1050 ஜிபி. உங்கள் ஒதுக்கீடு அதிலேயே தீர்ந்துவிட்டது. அதையே எச்டி தரத்துக்குக் குறைத்தால் மணிக்கு 3 ஜிபி வரை, மாதம் 450 ஜிபி. 43 அங்குலத் திரையைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது அரிது. செயலியின் அமைப்புகளில் தரத்தை மாற்றி வையுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள்.

கேமராக்கள் இதைவிட நுட்பமான விஷயம். பதிவை நிறுவனத்தின் கிளவுடுக்கு (இணையவழிச் சேமிப்பகம்) அனுப்பும் கேமரா ஒன்று 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இரவு பகலாக அனுப்பினால் நாளுக்கு 10.8 ஜிபி, மாதத்துக்கு 324 ஜிபி ஆகிறது. இரண்டு கேமரா என்றால் 648. நாம் பார்ப்பது மட்டுமே கணக்கில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் தரவும் பொதுவாக இதே கணக்கில்தான் கழிகிறது. கேமராவுக்குள் மெமரி கார்டு போட்டு அதிலேயே பதியச் சொன்னால் இந்தச் செலவு ஏறக்குறைய நின்றுவிடும். கிளவுடு வேண்டும் என்றால், ஆள் நடமாட்டம் தெரியும்போது மட்டும் பதிவு செய்யும்படி மாற்றுங்கள்.

இவற்றைச் செய்தபின் நிறுவனத்தின் செயலியில் நாள்வாரியான பயன்பாட்டை ஒரு வாரம் கவனியுங்கள். வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரத்திலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அப்போது திருட்டைச் சந்தேகிக்கலாம். மோடத்தின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் இருந்தால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். கைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும். உங்கள் இணைப்பில் பிறர் செய்யும் தவறுக்கு விசாரணை முதலில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

கேள்வி: மின்சாரம் போனால் இணையமும் போய்விடுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லை.
– ஒரு வாசகர், ஈரோடு

மோடத்துக்கென்றே சிறிய யூபிஎஸ்கள் கிடைக்கின்றன. மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பதுபோல் அச்சிட்டிருக்கும். வோல்ட் சரியாகவும் ஆம்பியர் அதற்குக் குறையாமலும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் தெருவரை வரும் ஃபைபருக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், நிறுவனத்தின் நிலையத்தில் பேட்டரி இருக்கும் வரை இணைப்பு தொடரும்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் கேபிள்காரர் மூலம் ஃபைபர் இணைப்பு வந்திருக்கிறது. ஏர்ஃபைபர் என்று இன்னொன்றையும் சொல்கிறார்கள். நான்கு பேர் உள்ள குடும்பம். எதை, எவ்வளவு வேகத்தில் எடுக்கலாம்?
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

ஃபைபர் ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தில் ஃபைபரே முதல் தேர்வு. 2023இல் ஜியோவும் ஏர்டெல்லும் தொடங்கிய ஏர்ஃபைபர் என்பது 5ஜி கோபுரத்திலிருந்து அலையாக வரும் இணைப்பு. மொட்டை மாடியில் ஒரு கருவியை வைத்து அதை வாங்கிக்கொள்கிறார்கள். சாலை தோண்டுவதாலோ தென்னை மட்டை விழுவதாலோ அது அறுந்துபோகாது. ஆனால் அதே கோபுரத்தை ஊரின் கைபேசிகள் எல்லாம் பங்கிட்டுக்கொள்வதால் மாலையில் வேகம் ஏறி இறங்கும். ஃபைபர் வராத தோட்டத்து வீடுகளுக்கு அது நல்ல மாற்று.

வேகத்தைப் பொறுத்தவரை பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15, வீடியோ அழைப்புக்கு 3 அல்லது 4 போதும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் 50 எம்பிபிஎஸ் தாராளம். பதிவேற்ற வேகமும் அதே அளவு தருகிறார்களா என்று கேளுங்கள். வீடியோ அழைப்பில் எதிர்முனைக்கு நம் முகம் தெளிவாகத் தெரிவது அதைப் பொறுத்தது. விளம்பரத்தில் 499 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியுடன் ஏறக்குறைய 589 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்.

எந்த நிறுவனம் என்பதைவிட உங்கள் ஊரில் பழுது பார்க்க வருபவர் யார் என்பதே முக்கியம். ஏற்கெனவே எடுத்திருக்கும் பக்கத்து வீட்டில், மழைக்காலத்தில் எத்தனை நாள் அறுந்து கிடந்தது என்று விசாரியுங்கள். இணைப்பு கொடுக்கும் அன்று ஃபைபர் முனையில் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் மோடத்தால் ஒளியைச் சரியாக உணர முடியாது. எங்கோ இணைப்பு சரியில்லை, அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். சலுகை என்று சொன்னாலும் ஓராண்டுப் பணத்தை முதல் நாளே கட்டாதீர்கள். ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுக் கட்டலாம்.

கேள்வி: மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து ஒன்பது நாள் ஆகிறது. 'நாளைக்கு ஆள் வருவார்' என்பதே பதில். மாதப் பணத்தை மட்டும் சரியாக வாங்கிக்கொள்கிறார்கள்.
– ஒரு வாசகர், கடலூர்

உங்கள் கோபம் நியாயமானது. எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கதவிடுக்கில் இழை மடங்கியிருக்கிறதா, மாடியில் அணிலோ எலியோ கடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழிக்குக் கேடு.

கேபிள்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வது புகார் ஆகாது. நிறுவனத்தின் புகார் எண்ணிலோ செயலியிலோ பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் சேவைத்தர விதிகளின்படி பழுது மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு உண்டு. நாள் கூடக் கூடக் கழிவும் கூடும். இதைக் கேட்டால்தான் தருவார்கள், ஆகவே எழுத்தில் கேளுங்கள். புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாள்களுக்குள் எழுதலாம். அவர் 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. டிராய்க்கே கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் வாசகர்கள் பலர். தனிநபர் புகார்களை அந்த அமைப்பு விசாரிப்பதில்லை.

அதன்பிறகும் அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடி வந்தன. விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. புகார் எண், தேதி, பணம் கட்டிய ரசீது, சிவப்பு விளக்கு தெரியும்படி தேதியோடு எடுத்த படம் ஆகியவற்றை இன்றே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.