கையெழுத்துப் போட்டுவிட்டான், இனி வழி இல்லையா?

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் மகனுக்கு 22 வயது. மொபைல் பழுதுபார்க்கும் கடையில் வேலை. ஒரு வீட்டில் இரண்டு போன் திருடுபோன வழக்கில் அவனைப் பிடித்துக்கொண்டு போய், மராத்தியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவனுக்கு மராத்தி பேச வரும், படிக்கத் தெரியாது. அவன் காட்டிய இடத்தில், கடை அலமாரியில், போன்கள் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். ஜாமீன் மனு ஒருமுறை தள்ளுபடி. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி 54 நாள் ஆகிறது. ஆர்தர் ரோடு சிறையில் இருக்கிறான். "குற்றத்தை ஒப்புக்கொண்டால், இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்கள்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. கையெழுத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் காலண்டரை எடுங்கள். கடிதத்தில் நாள்கணக்கைப் பார்த்ததுமே இதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய தாள்களில் இருப்பவை வீட்டில் திருடியது, திருட்டுப் பொருளை வைத்திருந்தது என்ற இரண்டு பிரிவுகள்தான். அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. இப்படிப்பட்ட வழக்கில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உங்கள் மகனின் உரிமை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவு அதைத் தருகிறது. வழக்கு பலமானதா, மனு ஏற்கெனவே தள்ளுபடியானதா என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. கைதான நாளிலிருந்து எண்ணாதீர்கள். மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட நாள்தான் முதல் நாள். அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

61-ஆம் நாள் காலை நீதிமன்றம் கூடும்போதே மனு உள்ளே போயிருக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை என்றால் விடுமுறை நீதிமன்றத்தில் கொடுங்கள். மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிடக்கூடும். வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். மும்பை குண்டுவெடிப்பு வழக்கில், நடிகர் சஞ்சய் தத் தொடர்பான 1994 தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது. மனு முந்திக்கொண்டால் கதையே வேறு. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ரவீந்திரன் வழக்கில் காலையில் ஜாமீன் மனு, அன்று மாலையே வழக்கை விசாரித்த வருவாய்ப் புலனாய்வுத் துறையின் தாக்கல். மனு போட்டவருக்கே ஜாமீன் என்று 2020-இல் தீர்ப்பானது.

இனி அந்தக் கையெழுத்து. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம், எந்த மொழியில் இருந்தாலும், எத்தனை கையெழுத்து இருந்தாலும், குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டமே அப்படித்தான் சொன்னது. அதன் இடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆகவே அந்தத் தாளுக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

நான் கவலைப்படுவது அலமாரியைப் பற்றித்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு: காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சேர்ந்த பகுதி மட்டும் செல்லும். "போனை அலமாரியில் வைத்திருக்கிறேன்" என்பது உள்ளே வரும். "நான் திருடினேன்" என்பது வராது. வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். எனவே பஞ்சநாமாவின், அதாவது சாட்சிகள் முன்னிலையில் பொருளைக் கைப்பற்றியதாக எழுதிய பதிவின், நகலை வரிவரியாகப் படிக்க வேண்டும். அதில் கையெழுத்திட்ட பஞ்ச் சாட்சிகள் இருவரும் யார், காவல் நிலையத்துக்கு அடிக்கடி வந்துபோகும் ஆட்களா? ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ குறிக்கப்பட்டிருக்கிறதா? முத்திரையிட்ட நேரம் என்ன? அலமாரி பூட்டியதா, கடைக்கு வரும் யாரும் கை நீட்டக்கூடியதா? பழுதுபார்க்கக் கொடுத்த போன் கடையில் இருப்பதில் அதிசயம் என்ன? கடைக்காரரின் ரசீதுப் புத்தகத்தை இப்போதே பத்திரப்படுத்துங்கள். போலீஸுக்கு அந்த இடம் முன்பே தெரிந்திருந்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. மேலும், சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. வீடியோவைக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால், குறுக்கு விசாரணையில் அதுவே பயன்படும்.

தெரிந்தவர் சொன்ன யோசனை மலிவாகத் தெரியும். ஒப்புக்கொண்டு வெளியே வருகிறவன் தண்டனை பெற்றவன். அந்தப் பேட்டையில் அடுத்த போன் காணாமல் போனால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரும்போதும் இது தலைதூக்கும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு, 15100-க்கு அழையுங்கள். ஜாமீன் உத்தரவு கிடைத்ததும் நம்மவர்கள் தடுமாறுவது பிணையாளரைத் தேடுவதில்தான். குறித்த காலத்தில் பிணை கட்டாவிட்டால், வாங்கிய உத்தரவு வீணாகும். ஆகவே பிணையாளர் கிடைக்கும்வரை தற்காலிகமாக ரொக்கப் பிணையில் விடும்படி அதே மனுவில் கேட்கச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம், ஆதார் நகல்களை 60-ஆம் நாள் இரவே பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.