நெதர்லாந்தில் சைக்கிளில் சுற்ற வழிகாட்டி வேண்டுமா?

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. மகள் நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரில் வேலை பார்க்கிறாள். செப்டம்பரில் அவளைப் பார்க்கப் போகும்போது நாங்கள் இருவரும் நாலைந்து நாள் சைக்கிளில் கிராமங்களையும் பழைய ஊர்களையும் சுற்ற ஆசைப்படுகிறோம். ஸ்ரீரங்கத்தில் தினமும் காலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறோம், அதற்கு மேல் பழக்கமில்லை. ஒரு டிராவல் ஏஜென்ட், "கைடு இல்லாமல் போனால் தொலைந்துவிடுவீர்கள், எலக்ட்ரிக் சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டும், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், விசாவும் நிச்சயம்" என்று சொல்லி இருவருக்கும் சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். விமான டிக்கெட் தனி. கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மீதியை நிதானமாகப் படியுங்கள்.

நெதர்லாந்தில் சைக்கிளில் போய்த் தொலைந்துபோக வேண்டுமென்றால் அதற்குத் தனியாக முயற்சி செய்ய வேண்டும். அங்கே சைக்கிள் பாதைகள் சந்திக்கிற இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். டச்சு மொழியில் 'க்னோப்புன்ட்' என்பார்கள், முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 என்ற முடிச்சில் நிற்கிறீர்கள் என்றால் அங்கே ஒரு வரைபடப் பலகை இருக்கும். பக்கத்திலேயே 35-க்கு இப்படி, 61-க்கு அப்படி என்று வெள்ளைப் பலகையில் பச்சை அம்புக்குறிகள். 35-க்கு வந்ததும் அடுத்த எண். அவ்வளவுதான். முந்தின நாள் இரவு வரைபடத்தைப் பார்த்து '34, 35, 72, 18' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் அன்றைய வேலை முடிந்தது. இந்த யோசனை டச்சுக்காரர்களுடையதுகூட இல்லை. பக்கத்து நாடான பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில், ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் சொல்லி 1995-இல் வந்தது.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். எண்கள் 99-க்கு மேல் போவதில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இருப்பதால் அதே எண் வேறு வட்டாரத்தில் திரும்பவும் வரும். செயலியில் வெறுமனே 34 என்று தேடி, நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள 34-க்கு வழி கேட்டவர்களை எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுக்காதீர்கள். 2019 ஜூலை முதல் அது அபராதத்துக்குரிய குற்றம். காகிதத் துண்டுதான் சௌகரியம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது லைசென்ஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஏஜென்ட் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யைவிட அதுதான் ஆபத்து. நாம் பெடல் மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும், 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் உதவி நின்றுவிடும் என்கிற சாதாரண எலக்ட்ரிக் சைக்கிள், அங்கே சட்டப்படி வெறும் சைக்கிள்தான். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், ஹெல்மெட் கட்டாயமில்லை. ஆனால் 45 கிலோமீட்டர் வரை போகிற இன்னொரு வகை உண்டு. 'ஸ்பீட் பெடலெக்' என்பார்கள். அது மொபெட் கணக்கு: லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட், மஞ்சள் நம்பர் பிளேட் எல்லாம் வேண்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பக்கம் குனிந்து பாருங்கள். மஞ்சள் பிளேட் இருந்தால் தொடவேண்டாம். பிளேட் இல்லை, ஆனால் பெடலே மிதிக்காமல் கையில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி பாய்கிறது என்றாலும் வேண்டாம், யாரோ மாற்றம் செய்த வண்டி. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் நல்ல கடைகளில் இருப்பதெல்லாம் முதல் வகைதான். ஆகவே உங்களுக்கு லைசென்ஸ் பேச்சே எழாது.

இப்போது அந்த 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வருவோம். இந்த வியாபாரத்தில் இருபது வருடமாக நான் பார்க்கிறதைச் சொல்கிறேன். நம்மூரில் இந்த பேக்கேஜை விற்பவர்களில் பலர் அங்கே ஒரு சைக்கிள் கடையைக்கூடப் பார்த்தவர்கள் இல்லை. டச்சு நிறுவனம் ஒன்றின் 'நீங்களே ஓட்டிக்கொள்ளும்' திட்டத்தை எடுத்து, மேலே தங்கள் பங்கை வைத்து விற்கிறார்கள். 'கைடு' என்று அவர் சொல்வது மனிதர்தானா என்று எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்த ஒரு ஒப்பந்தத்தில் அந்தக் கைடு போனில் ஏற்றிக்கொள்ளும் ஒரு ஃபைலாக இருந்தார்! எலக்ட்ரிக் சைக்கிள் என்ற வரிக்குப் பக்கத்தில் 'கிடைத்தால்' என்று பொடி எழுத்து இருக்கும். தங்கும் ஊர்களில் நகராட்சி வசூலிக்கும் சுற்றுலா வரி கணக்கில் சேர்ந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேல், ரசீது யார் பெயரில்? டச்சு பயண நிறுவனங்கள் பல, எஸ்.ஜி.ஆர். என்ற உத்தரவாத நிதியில் உறுப்பினர்கள். நிறுவனம் மூழ்கினாலும் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. நடுவில் ஒருவரிடம் கட்டி, அவர் கடையை மூடிவிட்டால் அந்த நிதி உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நாலு இரவு அறை, ஐந்து நாளுக்கு இரண்டு எலக்ட்ரிக் சைக்கிள், சாப்பாடு எல்லாம் சேர்ந்து மிஞ்சிப்போனால் 1,300 யூரோ, அதாவது ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல். மகள் அங்கே இருக்கிறாள். போனை எடுத்து அவளே பதிவு செய்வதற்கு என்ன கேடு?

'விசா நிச்சயம்' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். விசா கொடுப்பது தூதரகம். அதற்கு உத்தரவாதம் தர இந்த உலகத்தில் எந்த ஏஜென்டுக்கும் உரிமையில்லை. விண்ணப்பத்துக்கான தேதியை மொத்தமாக வளைத்துப் போட்டு விற்கிற கூட்டம் ஒன்று உண்டு, அதையும் ஒதுக்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் அவர்களிடம் போகத் தேவையே இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். மகள் வீட்டில் தங்குவதற்கு அவள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அந்தக் கையெழுத்து அவளுடையதுதான் என்று அவள் ஊர் நகராட்சியில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். பெற்ற மகளைப் பார்க்கப் போக, அவள் கையெழுத்துக்கு ஒரு கையெழுத்து. இந்தக் காலத்தில் இதையெல்லாம் காகிதத்தில் கேட்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என்ன செய்ய, வாங்கித்தான் ஆகவேண்டும்.

சரி, எங்கே போவது? டெல்ஃப்டிலிருந்து கிழக்கே உட்ரெக்ட் வரை போங்கள். காரணம் காற்று. அந்த நாட்டில் மலை இல்லை, அதனால் சுலபம் என்று நினைத்துப் போகிறவர்களை அடக்குவது எதிர்காற்றுதான். கியர் இல்லாத சைக்கிளில் புயல்காற்றை எதிர்த்து ஓட்டுவதற்கென்றே ஜீலாந்து கடல் தடுப்பணை மேல் ஒரு போட்டி நடத்துகிற ஜனங்கள் அவர்கள். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். கிழக்கே போனால் முதுகைத் தள்ளிவிடும். இதே வழியை உட்ரெக்டில் ஆரம்பித்துத் தலைகீழாகப் போட்டிருந்த ஒரு பேக்கேஜை நான் பார்த்திருக்கிறேன். போட்டவர் சைக்கிள் ஓட்டியவராக இருக்க முடியாது.

முதல் நாள் டெல்ஃப்டிலிருந்து கால்வாய் ஓரமாகவே ராட்டர்டாம். அங்கிருந்து ஆற்றுப் படகில் சைக்கிளோடு ஏறி கிண்டர்டைக். பத்தொன்பது காற்றாலைகள் வரிசையாக நிற்கும். தாழ்ந்த வயல்களிலிருந்து தண்ணீரை மேலே இறைத்து ஆற்றில் விடக் கட்டியவை. 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. மறுநாள் லெக் ஆற்றின் தென்கரை மேலேயே போக வேண்டும். காவிரிக் கரையில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கரை பிடித்துப்போகும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆற்று மட்டத்துக்குக் கீழே வீடுகள். நீங்கள் போகிற உயரத்தில் அவர்கள் வீட்டு மாடி ஜன்னல் இருக்கும், உள்ளே மேஜையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் கையசைப்பார். படகில் ஆற்றைக் கடந்தால் வெள்ளி வேலைக்குப் பேர்போன ஸ்கோன்ஹோவன். மூன்றாம் நாள் ஃப்லிஸ்ட் என்ற சின்ன ஆற்றை ஒட்டி கௌடா. ஊர்ப் பெயரை 'ஹௌடா' என்று தொண்டையிலிருந்து சொன்னால்தான் அங்கே புரியும். சீஸ் எல்லோருக்கும் தெரியும். 123 மீட்டர் நீளமுள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில், பதினாறாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நான்காம் நாள்தான் கொஞ்சம் நீளம், நாற்பது கிலோமீட்டருக்கு நெருக்கி வரும். நடுவே அவ்டவாட்டர் என்ற ஊரில் ஒரு பழைய எடைமேடை உண்டு. சூனியக்காரிக்குக் கனமே இருக்காது, அதனால்தான் பறக்கிறாள் என்று நம்பிய காலத்தில், பழி சுமத்தப்பட்டவர்கள் அங்கே வந்து எடை போட்டுச் சான்றிதழ் வாங்கிப் போனார்கள். இப்போதும் ஏறி நின்றால் சான்றிதழ் தருகிறார்கள். நேரம் இருந்தால் இருவரும் ஏறிப் பாருங்கள்.

சைக்கிள் எடுக்கும்போது பிரேக்கை மட்டும் தெளிவாகக் கேளுங்கள். டச்சு சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக். நமக்கு நின்ற இடத்தில் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, வசதியான உயரத்துக்குக் கொண்டுவந்து காலை வைக்கிற பழக்கம். அங்கே அது நடக்காது, பெடல் பாறை மாதிரி நிற்கும். ஓடும்போது பழக்கதோஷத்தில் பின்னால் மிதித்தால் சக்கரம் கப்பென்று பிடித்துக்கொள்ளும், பின்னால் வருகிறவர் உங்கள் மேல். கைப்பிரேக் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மனைவிக்குச் சீட்டைத் தாழ்த்தி, கால் தரையில் படுகிறதா என்று கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே வண்டிகள் உயரம். துப்பட்டா, புடவை எதுவானாலும் பயமில்லை. செயினை முழுக்க மூடிய கவரும் பின்சக்கரத்துக்குத் துணித் தடுப்பும் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. பாதையில் உங்களை நோக்கிக் கூர்முனை காட்டும் வெள்ளை முக்கோணங்கள் வரைந்திருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். வீதியில் யாராவது இருபது யூரோவுக்கு சைக்கிள் விற்க வந்தால் திருட்டு வண்டி, வாங்கினவரும் மாட்டுவார்.

உட்ரெக்டிலிருந்து திரும்ப ரயில்தான். சைக்கிளுக்குத் தனி டிக்கெட், ஒரு நாள் முழுக்கச் செல்லும். ஆனால் வார நாட்களில் காலை 6:30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6:30 வரையும் சைக்கிளை ஏற்ற முடியாது. ஜூலை, ஆகஸ்டில் இந்தத் தடை இல்லை, உங்கள் செப்டம்பரில் உண்டு. இதில் எனக்கே ஒரு அனுபவம். மாலை நாலரைக்கு இயந்திரத்தில் டிக்கெட் கேட்டேன், முணுமுணுக்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு கொடுத்தது. பிளாட்பாரத்தில் டிக்கெட் பரிசோதகர் தலையாட்டினார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏற்ற முடியாத நேரத்தில் விற்கக் கூடாது என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லித்தர ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே சனி, ஞாயிறில் திரும்புங்கள், அல்லது மதியம் இரண்டு மணி வண்டியைப் பிடியுங்கள். சைக்கிள் படம் ஒட்டிய கதவில்தான் ஏற வேண்டும். அது எந்தப் பெட்டியில் வருமென்பது வண்டிக்கு வண்டி மாறும், கொஞ்சம் ஓடத் தயாராக இருங்கள்.