தெருவில் கொட்டிய எம்-சாண்ட் வடிகாலுக்குள் போனால் யாரிடம் சொல்வது?

சென்னை வியாசர்பாடியில் பக்கத்து மனையில் வீடு கட்டுபவர் தெருவில் கொட்டிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), மழையில் அடித்துக்கொண்டு வடிகாலுக்குள் போகிறது, இது தப்பில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்புதான். கட்டுமானக் கழிவு வடிகாலை அடைக்கக் கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டது. நம்ம பகுதி தட்டைத் தரை, வடிகாலில் ஓட்டமே மந்தம், அதில் மணல் இறங்கினால் அடியில் படிந்து, சிமென்ட் பாலும் சேர்ந்தால் கல்லாக இறுகி, அப்புறம் ஐப்பசி மழைத் தண்ணீர் கால்வாய்க்குப் போகாமல் உங்கள் வாசலில்தான் நிற்கும். முதலில் மேஸ்திரியிடம் சொல்லுங்கள்: மணலை மனைக்குள் தள்ளி, சுற்றிச் செங்கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டால் போதும், அரை நாள் வேலை. (நான் கட்டும்போது பக்கத்து வீட்டு அக்கா திட்டிய பிறகுதான் செய்தேன்.) கேட்காவிட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு மாநகராட்சியின் 1913-க்கு அடியுங்கள், புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள்.